யாரோ திருகிய குழல்

முதல் இழுப்பிலேயே சாயோகோவுக்குத் தெரிந்துவிட்டது. காற்று சுளுவாக வந்தது. பூட்டியிருக்கும் என்று நினைத்துத் தோளால் தள்ளிய கதவு வெறுமனே சாத்தியிருந்தால் எப்படித் தடுமாறுவோமோ, அப்படித் தடுமாறினாள். குழலை வாயிலிருந்து எடுத்து, மூக்கை அடைத்திருந்த கிளிப்பையும் கழற்றிவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

ஒரு சாண் நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக் குழல். உள்ளே ஒரு ஸ்பிரிங். அடியில் இருக்கும் திருகைத் திருப்பினால் ஸ்பிரிங் இறுகும். எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதைப் பக்கவாட்டில் ஒரு சிவப்புக் கோடு காட்டும். இறுக இறுக, மூச்சை உள்ளே இழுப்பது பெரும்பாடாகும். முந்தைய நாள் மாலை அவள் கோட்டை ஆறில் விட்டிருந்தாள். அந்த ஆறை எட்ட அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். இப்போது கோடு நான்கில் நின்றது.

யாரோ திருகியிருக்கிறார்கள்.

வேறு ஒருத்தியாக இருந்தால், நாமே மறந்திருப்போம் என்று விட்டிருப்பாள். சாயோகோ அப்படி விடுகிற பிறவி அல்ல. நோய் முற்றிப் படுக்கையில் விழும்வரை துறைமுகத்துப் பக்கம் ஒரு பச்சின்கோ கூடத்தின் கேமரா அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். இரும்புக் குண்டுகள் ஆணிகளுக்கு நடுவே உருண்டு விழுகிற அந்தச் சூதாட்டப் பெட்டிகளில் எவன் காந்தத்தை ஒட்டுகிறான், எவன் கம்பியை நுழைக்கிறான் என்று திரையைப் பார்த்துக் கண்டுபிடிப்பதுதான் தொழில். ஓர் ஆணி மயிரிழை வளைந்திருந்தாலும் குண்டு போகிற போக்கை வைத்தே சொல்லிவிடுவாள். சாயோகோசான் கண்ணில் படாமல் ஒருவன் திருடினான் என்றால் அவன் திருடவே இல்லை என்று அர்த்தம், என்று கூடத்து மேலாளர் பெருமையாகச் சொல்வதுண்டு.

வீட்டில் மூன்றே பேர். அவள், கணவன் முனேஹிரோ, மாமியார் ஃபுசாயே. முனேஹிரோ விடியற்காலையிலேயே கிளம்பிவிடுவான். மலைச்சரிவில் அடுக்கடுக்காக ஏறி நிற்கும் அந்த ஊரில் படிக்கட்டுகள்தான் தெரு. வண்டி போகாத வீடுகளுக்குக் கேஸ் சிலிண்டரைத் தோளில் சுமந்து கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை அவனுக்கு. அவனை விட்டால் மிச்சம் ஒரே ஆள்.

ஃபுசாயே மீது சந்தேகம் விழக் காரணம் இல்லாமல் இல்லை. சாயோகோவின் நுரையீரல்கள் இரண்டும் கெட்டுப்போய், இறந்தவர்களிடமிருந்து எடுத்துப் பொருத்தும் வரிசையில் காத்திருக்க நேரம் இல்லை என்று டாக்டர் கைவிரித்தபோது, உயிரோடு இருப்பவர்கள் இருவர் தங்கள் நுரையீரலின் அடிப்பகுதியிலிருந்து ஆளுக்கொரு மடல் கொடுத்தால் பிழைக்க வைக்கலாம் என்றார்கள். இடது பக்கத்துக்குச் சாயோகோவின் அண்ணன் கட்சுனோரி, நாட்டின் வட கோடியில் இருந்து வந்தான். வலது பக்கத்துக்கு முனேஹிரோ முன்வந்தான். அன்றைக்கு ஃபுசாயே மகனிடம் சொன்னது சாயோகோ காதில் விழுந்திருந்தது. எனக்கு இருப்பது நீ ஒருத்தன், உன்னையும் அறுத்துக் கூறு போடப் பார்க்கிறார்களா, என்று கேட்டாள். அறுவை நடந்த பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கீழ்த்தெருவில் இருந்த தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்து, சமைத்தாள், துவைத்தாள், தரையை ஆல்கஹால் போட்டுத் துடைத்தாள். கோபப்பட வேண்டிய மனுஷி கோபப்படாமல் கஞ்சி வைத்துக் கொடுத்தால், அந்தக் கஞ்சியை எப்படி நம்பிக் குடிப்பது?

சாயோகோ எதுவும் கேட்கவில்லை. கேட்டால் ஆள் உஷாராகிவிடும் என்பது கூடத்தில் கற்ற பாடம். கோட்டை மறுபடி ஆறுக்கு ஏற்றி, பயிற்சியை முடித்தாள்.

அந்தப் பயிற்சியை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் ஆஸ்பத்திரியில் இசோபே என்ற இளம்பெண். உடற்பயிற்சி சிகிச்சைக்காரி. நுரையீரல் புதுசு, ஆனால் அதை இழுக்கிற தசை பழசு, வருஷக்கணக்கில் படுத்தே கிடந்து நைந்துபோயிருக்கிறது என்று விளக்கியிருந்தாள். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் குடைபோல் விரிந்திருக்கும் தசை கீழே இறங்கினால்தான் காற்று உள்ளே வரும். அதற்குப் பளு கொடுத்துப் பழக்குவதற்குத்தான் இந்தக் குழல். கெட்டிக் கூழை மெல்லிய குழாயால் உறிஞ்சுவது போல இருக்கும். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. பளுவைக் குறைக்காமல் செய்தால்தான் பலன் என்று இசோபே திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தாள். அப்படியானால் பளுவைக் குறைப்பவருக்கு என்ன நோக்கம் இருக்க முடியும்?

அதன்பின் சாயோகோ கண்ணையும் காதையும் தீட்டிக்கொண்டாள்.

முதலில் பழத்தோல். குப்பைக் கூடையில், செய்தித்தாளில் சுருட்டி, அடியில் செருகி வைத்திருந்தது. பிரித்துப் பார்த்தால் ஹஸ்ஸாகு ஆரஞ்சுத் தோல். அந்தப் பக்கத்துத் தீவுகளில் வசந்த காலத்தில் வீட்டுக்கு வீடு குவியும் பழம். சாயோகோ சாகும்வரை அதைத் தொடக் கூடாது. உடம்பு புது நுரையீரலை எதிர்க்காமல் இருக்க அவள் சாப்பிடும் மருந்தை அது ரத்தத்தில் கண்டபடி ஏற்றிவிடும். சமையலறைக் கதவில் விலக்க வேண்டிய பண்டங்களை எழுதி ஒட்டியதே ஃபுசாயேதான். அப்படியிருக்க, வீட்டுக்குள் எப்படி வந்தது? அன்றைக்கு முட்டைக்கோஸ் பொரியலில் லேசாகப் புளிப்பு இருந்ததே, அது வினிகர்தானா? சாயோகோ அதற்குப் பிறகு ஒவ்வொரு வாயையும் நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் விழுங்கினாள்.

அடுத்தது பேச்சு. அவள் கழிப்பறைக்கு எழுந்து போகும்போது சமையலறையில் தாயும் மகனும் குசுகுசுவென்று பேசுவது கேட்கும். அவள் காலடி கேட்டதும் தண்ணீர்க் குழாய் திறக்கும். இது ஒரு தடவை அல்ல.

பிறகு அந்தப் பைஜாமா. பிப்ரவரியில் முனேஹிரோ, புது மீட்டர் பொருத்தப் பயிற்சி என்று மட்சுயாமா நகருக்குப் போய்ச் சில நாள் தங்கினான். விடுதியில் போட்டுக்கொள்ள அவர்களே உடுப்பு தருவார்கள். ஆனால் அவன் திரும்பி வந்த மறுநாள் கொடியில் அவனுடைய பைஜாமாக்கள் வரிசையாகத் தொங்கின. அன்றைக்கு அதைப் பார்த்துவிட்டு மறந்திருந்தாள். இப்போது படுக்கையில் கிடந்தபடி ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்துப் பார்த்தாள். மகனையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டுவிட்டாளா? இருவரும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள். பரிசோதனையில் ஏதாவது கெட்ட சேதி வந்து, புது நுரையீரல் பழுதாகத் தொடங்கி, தனக்குத் தெரியாமல் இருப்பதற்காகப் பளுவைக் குறைத்து வைத்து, நீ நன்றாகத்தான் இழுக்கிறாய் என்று ஏமாற்றுகிறார்களா?

இந்த எண்ணம் வந்த பிறகு மாமியாரைவிடக் கணவனைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

சரி, கூடத்தில் செய்கிற வேலையையே செய்வோம் என்று முடிவு செய்தாள். சந்தேகப்பட்ட பெட்டியில் இரவோடு இரவாக ஓர் அடையாளம் வைப்பார்கள். மறுநாள் அது இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மேசை டிராயரில் பழைய நெயில் பாலிஷ் ஒன்று கிடந்தது. ஊதா நிறம். குழலின் அடியில், திருகுக்குக் கீழே, கடுகளவு ஒரு புள்ளி வைத்தாள். நன்றாகக் காயவிட்டு வழக்கமான தட்டில் வைத்தாள். ஃபுசாயே வந்து, கழுவுவதற்கு எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை குழல் துணி விரித்த தட்டில் ஈரம் காய்ந்து இருந்தது. கோடு நான்கு. புள்ளியைக் காணோம்.

முகர்ந்து பார்த்தாள். பாலிஷ் அழிக்கும் திரவத்தின் வாடை இல்லை. நகத்தால் சுரண்டிய தடமும் இல்லை. அப்படி ஒரு புள்ளி அங்கே ஒருபோதும் இருந்ததில்லை என்பதுபோல் பளிங்காக இருந்தது. குளியலறைப் பக்கத்திலிருந்து முனேஹிரோ இருமுவது கேட்டது. சிலிண்டர் கிடங்கில் தூசி என்பான். இருமி முடித்து, போய்வருகிறேன் என்று வாசலில் இருந்தே குரல் கொடுத்துவிட்டுப் போனான்.

அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை. குழலை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். ஃபுசாயே முள்ளங்கியைத் தடித்த வட்டங்களாக நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இதோட திருகைத் தொட்டீங்களா?"

கத்தி நின்றது. ஃபுசாயே திரும்பவில்லை.

"இதுக்கு அடியில ஒரு புள்ளி வச்சிருந்தேன். அதையும் காணோம்."

ஃபுசாயே கத்தியைக் கழுவி, துடைத்து, வைத்தாள். பிறகு திரும்பிக் குழலைப் பார்த்தாள். சாயோகோவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான்தான் துடைச்சேன். அழுக்குன்னு நெனச்சேன். திருகினதும் நான்தான்."

"ஏன்?"

"நீ அதை இழுக்கறப்ப கழுத்து நரம்பெல்லாம் பொடைச்சுக்குது. பாக்க முடியல. அதான் கொஞ்சம் தளர்த்தி விட்டேன். இனிமே செய்யல."

சொல்லிவிட்டுத் தலையைத் தாழ்த்தினாள். பதில் ஒழுங்காகத்தான் இருந்தது. ஒழுங்காக இருந்ததுதான் உறுத்தியது. சாயோகோ குழலை அங்கேயே வைத்துவிட்டு அறைக்குத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தான் ஜெயித்துவிட்டதாகத் தோன்றவில்லை.

மாலையில் ஃபுசாயே குழலைக் கழுவிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். சாயோகோ பழக்கதோஷத்தில் அதைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

அடியில் ஊதாப் புள்ளி இருந்தது.

அவள் வைத்த அதே புள்ளி. இடப்பக்கம் கொஞ்சம் வழிந்து, வால் முளைத்த மாதிரி. அழித்ததாகச் சொன்ன ஒன்றை இதே வடிவத்தில் திரும்ப வைக்க யாராலும் முடியாது. நெயில் பாலிஷ் சீசாவோ அவள் தலையணைக்கு அடியில் இருந்தது. அப்படியானால் யாரும் அழிக்கவில்லை. காலையில் அவள் கையில் இருந்தது வேறு குழல்.

இந்த வீட்டில் குழல்கள் இரண்டு.

ஃபுசாயே பொய் சொல்லியிருக்கிறாள். கூடத்தில் ஒரு நாள் ஒரு நடுத்தர வயதுப் பெண் தானாகவே வந்து, காந்தம் வைத்தது நான்தான் என்று அழுததும், திரையில் பார்த்தால் வைத்தது அவள் தம்பி என்று தெரிந்ததும் சாயோகோவுக்கு நினைவு வந்தது. செய்யாத தப்பை ஒருத்தி ஏற்றுக்கொள்கிறாள் என்றால், அவளுக்குப் பின்னால் இன்னொரு ஆள் நிற்கிறான். ஃபுசாயே பின்னால் நிற்கக்கூடிய ஆள் உலகத்திலேயே ஒருத்தன்தான்.

கேட்டால் அவனும் பொய் சொல்வான். அதனால் மறுநாள் பிற்பகல், அவன் வேலையில் இருக்க, மாமியார் மீன் வாங்கக் கிளம்பிய பிறகு, அண்ணனுக்குப் போன் போட்டாள். கட்சுனோரி நல்லவன். ரகசியம் அவன் வயிற்றில் தங்காது. ஆனால் நேராகக் கேட்டால் யாரோ சொல்லி வைத்தபடி மழுப்புவான். திருட்டுப் பேர்வழிகளிடம் மேலாளர் பேசுவதுபோல் பேசினாள்.

"அண்ணா, முனே விஷயம் எல்லாம் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இனிமே நீயும் மறைக்க வேண்டாம்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

"அவனே சொல்லிட்டானா? அப்பாடா. நானும் சொல்லிட்டே இருந்தேன், கட்டின பொண்டாட்டிகிட்ட மறைக்கிறதுக்கு இது என்ன கள்ளக்கடத்தலான்னு. எனக்கும் அதே குழலைத்தான் குடுத்தாங்க. நான் கொஞ்ச நாள் இழுத்துட்டுத் தூக்கிப் போட்டுட்டேன், தேவைப்படல. அவனுக்கு வலது பக்கம் அசையவே மாட்டேங்குதாமே. இப்ப எப்படி இருக்கு? சிலிண்டர் தூக்க விடறாங்களா?"

சாயோகோ போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"இன்னும் இல்ல," என்றாள்.

அவள் குரலில் எதையோ கேட்டுவிட்டான் போலிருக்கிறது.

"சாயோகோ. உனக்குத் தெரியாதுல்ல?"

"இப்பத் தெரியும்."

போனை வைத்தபின் முகக்கவசம் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டாள். கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு படியில் இறங்கினாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில் முனேஹிரோ கையைப் பிடித்துக்கொள்ள, வளைவுக்கு வளைவு நின்று இறங்குவதுதான் வழக்கம். தனியாக இறங்குவது இதுதான் முதல் தடவை. கைப்பிடிக் கம்பி சில்லென்று இருந்தது. எதிரே ஏறி வந்த அண்டை வீட்டுக்காரி, ஐயோ சாயோகோசான், எவ்வளவு நாளாச்சு, எங்கே தனியாக, என்று கேட்டாள். சும்மா நடக்கத்தான் என்று சொல்லிவிட்டு இறங்கினாள். நெஞ்சு அடித்துக்கொண்டது; ஆனால் காற்று வந்தது. அந்தக் காற்றை இழுக்கும் நுரையீரல் யாருடையது என்ற நினைப்பும் கூடவே வந்தது.

கேஸ் கம்பெனி அடிவாரத்தில், ரயில்பாதையை ஒட்டி இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே, நிறுத்தி வைத்திருந்த சிறு லாரிக்குப் பின்னால் நின்று பார்த்தாள். கேமரா அறையில் பார்ப்பதுபோல், தான் தெரியாமல்.

முனேஹிரோ சீருடையோடு மேசைக்கு முன்னால் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தான். பேசி முடித்துச் சீட்டு எழுதி, வெளியே நின்ற இரண்டு பையன்களிடம் கொடுத்தான். அவர்கள் சிலிண்டரைத் தோளில் ஏற்றிக்கொண்டு சிரித்தபடி போனார்கள். அவன் மறுபடி உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகு வலது விலாவில் கையை வைத்து அழுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அந்தப் பக்கம்தான் வெட்டி எடுத்தது.

சாயோகோ நகரவில்லை. கால் கடுத்ததும் லாரியின் படியில் உட்கார்ந்துகொண்டாள். வேலை முடியும் நேரம் நெருங்கியபோது முனேஹிரோ எழுந்து, இடுப்பில் செருகியிருந்த வெள்ளைக் கையுறைகளை எடுத்து மாட்டிக்கொண்டு, கிடங்குப் பக்கம் போனான். அங்கே ஒரு பழைய சிலிண்டரின் துருப்பிடித்த அடிப்பாகத்தில் இரண்டு கையையும் வைத்து, உள்ளங்கை, புறங்கை என்று மாற்றி மாற்றித் தேய்த்தான். போதுமா என்று தூக்கிப் பார்த்தான். தோள்பட்டையிலும் கொஞ்சம் தடவிக்கொண்டான்.

தினமும் சாயங்காலம் அவன் கழற்றிப் போடும் அந்த அழுக்குக் கையுறைகளை ஃபுசாயே ஊறவைத்துத் துவைப்பது சாயோகோவுக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் எத்தனையோ தில்லுமுல்லு பார்த்தவள், இந்த மாதிரி ஒன்றைப் பார்த்ததில்லை.

"நல்லா அழுக்காச்சா?" என்று பின்னாலிருந்து கேட்டாள்.

முனேஹிரோ திரும்பினான். கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

இருவரும் படியேறத் தொடங்கினார்கள். முதல் வளைவில் சாயோகோ நின்றாள். அவனும் நின்றான். அவளுக்காக நிற்பதாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். இன்றைக்கு அவன் தோள்களைப் பார்த்தாள். மூச்சுக்கு மூச்சு அவை காதுவரை ஏறி இறங்கின. அங்கிருந்த ஒரு வீட்டு மதில் ஓரமாக இருவரும் உட்கார்ந்தார்கள்.

கேட்காமலேயே சொன்னான். அறுவைக்குப் பிறகு வலது பக்கம் நீர் கோத்துக்கொண்டது. மட்சுயாமாவுக்குப் போகவில்லை, ஆஸ்பத்திரியில்தான் கிடந்தான். நீரை எடுத்த பிறகு பார்த்தால், அந்தக் குடைத் தசைக்குப் போகிற நரம்பு அடிபட்டு, வலது பக்கம் கீழே இறங்காமல் மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நாளாக ஆகச் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார்கள். இசோபே அவனுக்கும் ஒரு குழல் கொடுத்தாள். முதலாளி போன் மேசையில் உட்கார வைத்தார். அம்மாவிடம் மட்டும் சொன்னான், பைஜாமா கொண்டுவர ஆள் வேண்டுமே.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா, ஒவ்வொரு மூச்சையும் நீ எண்ணிப் பாப்ப. எங்கிட்டேருந்து எவ்வளவு போச்சுன்னு."

"இப்ப மட்டும் நிம்மதியா இழுத்தேனா? உங்கம்மா என்னை மெதுவாக் கொல்லப் பாக்கறாங்கன்னு நெனச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன்."

"அம்மாவா?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"சிரிக்காத. ரெண்டு குழலும் மாறிப்போயிருக்கு. நீ வாய் வச்சதை நான் வாயில வச்சிருக்கேன். எனக்கு ஒரு சளி புடிச்சாக்கூட என்ன ஆகும்னு தெரியும்ல?"

முனேஹிரோவின் முகம் வெளுத்தது. குழல் மாறியது அவனுக்குத் தெரியாது. சில நாள் காலையில் தன் குழல் திடீரென்று இறுகிப்போய் மூச்சு அடைத்ததும், ஸ்பிரிங் சரியில்லை என்று திட்டிக்கொண்டு தளர்த்தியதும்தான் தெரியும். இரண்டையும் அம்மாதான் சுடுதண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி ஒரே துணியில் காய வைக்கிறாள், அவளுக்குக் கண்புரை வேறு, என்றான். பிறகு மெதுவாக, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"உள்ள இருக்கிறதே என்னோடதுதானே. மேல ஒட்டின எச்சில்ல என்ன வந்துடப் போகுது."

சாயோகோ சிரிக்கவில்லை. எழுந்து, அவனுக்கு முன்னால் நடந்தாள். அடுத்த வளைவுவரை திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே வேறு வழியில்லாமல் நிற்க வேண்டியிருந்தது. மெதுவாக அவனும் வந்து சேர்ந்தான். கையுறைகளைக் கழற்றி, துருவும் அழுக்குமாக இருந்ததைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டான். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. முகக்கவசம் நனைந்து மூச்சு விடுவது சிரமமானதால் அழுகையையும் சீக்கிரம் நிறுத்த வேண்டியதாயிற்று.

மறுநாள் இருவருமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சாயோகோவுக்கு ரத்தம், சளி எல்லாம் எடுத்துப் பார்த்தார்கள். நல்ல வேளையாக ஒன்றும் இல்லை. இசோபேயிடம் சாயோகோ கோபமாகவே கேட்டாள், தெரிந்துகொண்டே எதிரில் உட்கார்ந்து எனக்கு மூச்சு எண்ணினாயே என்று. அவரும் எங்கள் நோயாளி, அவர் வாயால்தான் அது வர வேண்டும் என்று இசோபே குனிந்து மன்னிப்புக் கேட்டாள். குனிந்து நிமிர்ந்ததும் இருவரையும் சேர்த்துத் திட்டினாள். குழல்களில் பெரிய எழுத்தில் பெயர் எழுதித் தந்து, ஒன்றை மாடியிலும் ஒன்றைக் கீழேயும் வைக்கச் சொன்னாள்.

வீட்டில் ஃபுசாயே, அவர்கள் வருவதற்குள் சோறு வடித்து மீனை, கிருமி பயத்தில், இரண்டு தடவை வேகவைத்திருந்தாள். முனேஹிரோ குளிக்கப் போன பிறகு சாயோகோ சமையலறையில் போய் நின்றாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கடைசியில் மனதில் பெரிதாக நின்றதையே கேட்டாள்.

"செய்யாததை ஏன் செஞ்சேன்னு சொன்னீங்க?"

"அவன் சொல்லாதேன்னான். வேற என்ன சொல்றது? நீயும் விடற ஆளில்லையே."

"அந்த ஹஸ்ஸாகு தோல்?"

ஃபுசாயேவின் காது சிவந்தது. "நான் தின்னேன். எனக்கு ரொம்பப் பிடிக்கும். நீ தின்ன முடியாதப்ப உன் கண்ணு முன்னாடி உரிச்சுத் தின்னா நல்லாவா இருக்கும்?"

சாயோகோ தலை தாழ்த்தி மன்னிப்புக் கேட்டாள். அதோடு போயிருக்கலாம். ஆனால் வீடு முழுக்க இத்தனை மாதம் யாரும் யாரிடமும் உண்மை பேசவில்லை என்ற ஆத்திரம் அவளுக்குள் இன்னும் இருந்தது.

"அவர் குடுத்தது உங்களுக்குப் பிடிக்கல. அதை மட்டுமாவது நேரா சொல்லுங்கம்மா."

ஃபுசாயே அடுப்பை அணைத்தாள். மருமகளை நிமிர்ந்து பார்த்தாள். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் இப்படி நேருக்கு நேர் பார்த்ததில்லை.

"பிடிக்கல. இப்பவும் பிடிக்கல. அவன் படியில நின்னு நின்னு ஏறி வர்றதைப் பாக்கறப்ப வயிறு எரியுது. அந்த நேரத்துல உன் முகத்தைப் பாக்கக்கூட எனக்கு மனசு வராது. அதுக்கும் உனக்குக் கஞ்சி வைக்கிறதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"சரிம்மா," என்றாள் சாயோகோ.

மனம் புண்பட்டிருக்க வேண்டும். மாறாக, நெடுநாள் கழித்து ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. அன்றைக்குத் தட்டில் போட்டதையெல்லாம் நாக்கில் சோதித்துப் பார்க்காமல் தின்றாள். ஃபுசாயே இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டாள். போடுங்கள் என்றாள்.

கோடைக்குள் சாயோகோவின் கோடு எட்டைத் தாண்டியது. படியில் தனியாக இறங்கி ஏறத் தொடங்கினாள். முனேஹிரோவின் வலது பக்கம் ஓரளவுக்குத்தான் இறங்கியது. அதற்கு மேல் என்ன ஆகும் என்று டாக்டர்களுக்கே தெரியவில்லை. சிலிண்டர் தூக்க அவனை விடவில்லை. போன் மேசையே அவன் இடம் என்று ஆகிவிட்டது. முதலில் வாடினான், பிறகு ஊரில் யார் வீட்டில் எப்போது கேஸ் தீரும் என்று அவர்கள் சொல்வதற்கு முன்பே சொல்ல ஆரம்பித்து அதில் ஒரு கர்வம் கொண்டான். ஃபுசாயே, கண்புரை அறுவை முடிந்ததும் தன் வீட்டுக்கே திரும்பிப் போனாள். போகும்போது பெரிதாக எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. வாரத்துக்கு ஓரிரு நாள் வருவாள். சில நாள் மருமகளிடம் பேசாமலேயே சமைத்து வைத்துவிட்டுப் போவாள். அது எந்த மாதிரி நாள் என்று சாயோகோ புரிந்துகொண்டு அவளும் பேச மாட்டாள்.

சந்தேகப்படுகிற புத்தி மட்டும் போகவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால், ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கு, என்று முனேஹிரோ இன்றைக்கும் சொல்வான். அவள் நம்ப மாட்டாள். சட்டையைத் தூக்கச் சொல்லி, தழும்புக்குக் கொஞ்சம் மேலே, முதுகில் காதை ஒட்ட வைத்துக்கொள்வாள். இழு என்பாள். இழுப்பான். இன்னும் நல்லா, என்பாள். அவள் காதை எடுக்கும்வரை அவன் பேசாமல் நிற்பான்.